கீறல் விழுந்த தாமரை அச்சு

கி.பி. 588-ல் கொரியத் தீபகற்பத்தின் பெக்ஜே அரசு ஜப்பானுக்கு ஒரு குழுவை அனுப்பியது. புத்தரின் தாதுக்களைச் சுமந்த துறவிகள், கோயில் தச்சர்கள், அடுக்குக் கோபுரத்தின் உச்சிக் கலசம் வார்ப்பவர், ஓர் ஓவியர் ஆகியோருடன் ஓடு செய்வதில் வல்ல நால்வரும் அதில் இருந்தார்கள். 720-ல் தொகுத்து முடிக்கப்பட்ட அரச வரலாறான ‘நிஹோன் ஷோகி’ அந்த நால்வரின் பெயர்களையும் பதிந்து, அவர்களுக்கு ‘ஓட்டு ஆசான்’ என்ற பட்டத்தையும் தருகிறது. சூளை வேலைக்காரர்களின் பெயர் அரச வரலாற்றில் ஏறுவது அபூர்வம். அதுவரை ஜப்பானில் கூரை என்றால் புல், மரப்பட்டை, பலகை. அரசரின் மாளிகைக்கும் அதுதான். சோகா நோ உமாகோ என்ற பெரும் பிரபு அசுகாவில் கட்டத் தொடங்கிய அசுகாதேரா கோயிலுக்காக இவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஓடு வேய்ந்த முதல் ஜப்பானியக் கோயில் அது. அதன் கூரை விளிம்பு நெடுக வரிசையாகத் தாமரைப் பூக்கள்.

அடுத்த ஐந்நூறு ஆண்டுகள் ஜப்பானியக் கோயில் ஓட்டில் தாமரையே முதன்மை உருவாக இருந்தது. மரக் கட்டடங்கள் எரிந்தன, மட்கின, பிரித்து நகர்த்தப்பட்டன. சுட்ட மண் மட்டும் வயலடியில் கிடந்தது. ஆறு, ஏழாம் நூற்றாண்டுக் கோயில்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த உடைந்த வட்டத் துண்டுகளிலிருந்து வந்ததே. ஆனால் அவற்றை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு நூற்றாண்டாக வாதம் நடக்கிறது. பூவின் அழகிலோ அதன் சமயப் பொருளிலோ வாதத்தின் மையம் இல்லை. ஒரே தாமரை இரண்டு இடங்களில் கிடைத்தால், இடம் பெயர்ந்தது எது? ஓடா, அச்சா, அச்சைப் பிடித்த கையா, அல்லது வெறும் வடிவமா? இதற்குச் சொல்லும் விடையைப் பொறுத்து வரலாறு மாறிவிடுகிறது.

முதலில் ஓட்டின் அமைப்பு. நம் ஊர் நாட்டு ஓட்டுக் கூரையில் ஒரு வரிசை மல்லாந்தும் ஒரு வரிசை கவிழ்ந்தும் கிடப்பதுபோல, ஜப்பானியக் கோயிலிலும் அகலமான, லேசாக வளைந்த ஓடுகள் கீழே கிடக்கும். இரண்டு வரிசைகளின் இடுக்கை அரைக்குழல் ஓடுகள் மூடும். கூரை விளிம்புக்கு வரும்போது அரைக்குழலின் வாய் திறந்து நிற்கும். அந்த வாயை ஒரு வட்டத் தட்டால் அடைப்பார்கள். ஏறக்குறைய 15 முதல் 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அந்தத் தட்டில்தான் தாமரை இருக்கிறது. நடுவில் பொகுட்டு, பொகுட்டின்மேல் புள்ளி புள்ளியாக விதைகள், சுற்றி இதழ்கள், கடைசியில் ஒரு வரம்பு. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு, குளத்துப் பூவை நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் காட்சி கிடைக்கும்.

செதுக்கிய மர அச்சில் களிமண்ணை அழுத்தித் தட்டை எடுப்பார்கள். பின்புறம் அரைக்குழலை ஒட்டுவார்கள். அரைக்குழல், துணி சுற்றிய மர உருளைமேல் களிமண்ணைப் போர்த்தி, இரண்டாகப் பிளந்து செய்தது. கீழ் ஓட்டுக்கு வாளிபோன்ற ஒரு மரச் சட்டம். அதைச் சுற்றி எழுப்பிய மண்சுவரை நான்காக அறுப்பார்கள். அந்தத் துணியின் நெசவு ஓட்டின் உட்புறத்தில் இன்றும் அப்படியே பதிந்திருக்கிறது. குன்றுச் சரிவில் குடைந்த சூளையில் ஏற்றி, கடைசிக் கட்டத்தில் காற்றுப் புகாமல் அடைத்துச் சுடுவதால் ஓடு சிவக்காமல் சாம்பல் நிறம் கொள்ளும்.

இதழை வைத்துக் காலம் கணிக்கும் முறை மாணவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது. எதுவும் வரையாத வெற்றிதழ் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வருவது. இதழுக்குள் சிறிய உள்ளிதழ் ஒன்று புடைத்திருந்தால் 640-களை ஒட்டிய பாணி. ஒரே இதழுக்குள் இரண்டு உள்ளிதழ்கள் இணையாக நின்றால் 660-களுக்குப் பிறகு. வரம்பும் அதற்கேற்ப மாறுகிறது: முதலில் வெறுமை, பிறகு ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள், பிறகு வாள்பல் வரிசை, முத்து வரிசை. இந்த வரிசைமுறை மொத்தத்தில் சரியானதே. ஆனால் ஒரு தனி ஓட்டுக்கு இதை ஆண்டுக் கணக்காக நீட்டினால் வழுக்கும். நல்ல அச்சு பல ஆண்டுகள் உழைக்கும்; பழைய ஓட்டைக் கழற்றிப் புதுக் கூரையில் போடுவதும் வழக்கம்.

அசுகாதேராவிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அங்கே ஒரு வகைத் தாமரை இல்லை, இரண்டு வகை. ஒன்றில் பத்து இதழ்கள், நுனி ஒவ்வொன்றும் செர்ரிப் பூவினுடையதுபோல நடுவில் வெட்டுப்பட்டது. மற்றதில் இதழ் நுனியில் ஒரு சின்ன மணி. ஆய்வாளர்கள் முதலாவதைப் ‘பூக்குழு’ என்றும் இரண்டாவதை ‘நட்சத்திரக்குழு’ என்றும் அழைக்கிறார்கள். (தக்காராசுகா பெண்கள் நாடக நிறுவனத்தின் அணிகளில் இரண்டுக்கு இதே பெயர்கள். தொல்லியல் கட்டுரைகளில் சிரிக்கக் கிடைக்கும் இடம் குறைவு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.) வேறுபாடு பூவோடு நிற்பதில்லை. பூக்குழுவின் அரைக்குழல் ஒரு முனையில் குறுகிக்கொண்டே போய் அடுத்த ஓட்டின் அடியில் நுழைகிறது. நட்சத்திரக்குழுவின் அரைக்குழலுக்குத் தனியாக ஒரு கழுத்துப் படி உண்டு. தட்டையும் குழலையும் ஒட்டும் முறையிலும் இரண்டு குழுவும் வேறு வேறு. ஒரே கோயில், ஒரே காலம், இரண்டு பட்டறைகள். வந்த ஆசான்கள் இரண்டு மரபுகளில் பயின்றவர்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். தாமரையை மட்டும் படமெடுத்துப் பின்புறத்தைப் பாராமல் விட்டிருந்தால் இந்தச் செய்தி கிடைத்திருக்காது. அழகிய முகத்தைவிட அழுக்கான முதுகு அதிகம் பேசுகிறது.

ஆசான்கள் கொண்டுவந்தது யாருடைய கலை என்பதில் இப்போது பெரிய கருத்து வேற்றுமை இல்லை. பெக்ஜே தானே அதை வேறோரிடத்திலிருந்து பெற்றது. 541-ல் பெக்ஜே மன்னர் தென் சீனத்தின் லியாங் அரசிடம் நூல்களோடு கைவினைஞர்களையும் ஓவியர்களையும் கேட்டுப் பெற்றார். அதற்கும் முன்பே, 525-ல் அடக்கம் செய்யப்பட்ட மன்னர் முர்யோங்கின் கல்லறைச் செங்கற்களில் தாமரை இருக்கிறது. ஆக, கேட்டு வாங்கிய நாடு அரை நூற்றாண்டுக்குள் கொடுத்து அனுப்பும் நாடாகிவிட்டது. 2007-ல் பெக்ஜேயின் கடைசித் தலைநகரான புயோவில் வாங்ஹுங்சா கோயில் கோபுரத்தின் அடியிலிருந்து 577-ஆம் ஆண்டைக் குறிக்கும் தாதுப்பேழை வெளிப்பட்டது. அதன் பிறகு அங்கே கிடைத்த ஓடுகளுக்கும் அசுகாதேரா ஓடுகளுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமாகப் பேசப்பட்டது. இடைவெளி பதினோரு ஆண்டுகள்தானே. சிக்கல் என்னவென்றால், 1956-57 அகழாய்வில் வெளிப்பட்ட அசுகாதேராவின் தரைத்திட்டம், நடுவில் ஒரு கோபுரமும் மூன்று பக்கம் மூன்று பொன் மண்டபங்களுமாக, வடக்கே கோகுர்யோ நாட்டுக் கோயிலை நினைவூட்டுகிறது. இதழ்களுக்கிடையே மணி வைத்த, கோகுர்யோ வழி என்று வகைப்படுத்தப்படும் தாமரைகளும் சற்றுப் பிற்பட்டு அசுகாவின் தொயுராதேரா என்னும் பெண் துறவியர் கோயிலில் வருகின்றன. திட்டம் ஒரு நாட்டிலிருந்தும் ஓடு ஒரு நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம். புதிதாகக் கோயில் கட்டத் துணிந்த பிரபு ஒருவருக்கு, எங்கே எது கிடைக்குமோ அதை வாங்குவதில் தயக்கம் ஏன் இருக்கவேண்டும்?

அச்சின் கீறல் பற்றிய பகுதிதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. மர அச்சு ஈரக் களிமண்ணை நூற்றுக்கணக்கில் தாங்கித் தாங்கி, நார் ஓடும் திசையில் வெடிக்கும். வெடிப்பில் களிமண் புகுந்து, ஓட்டின் தாமரைமேல் மெல்லிய மேட்டுக் கோடாக விழும். பிறகு வரும் ஓடுகளில் கோடு நீளும், கிளைக்கும். இதழ் முனை மழுங்கும். ஆகவே ஒரே அச்சில் எடுத்த இரண்டு ஓடுகளில் எது முந்தியது என்று கேட்டால் கீறல் பதில் சொல்லும். கைரேகை நிபுணர் வேலைதான், பொறுமை வேண்டும்.

இந்தக் கீறல் ஒருமுறை அரச வரலாற்றோடு மோதியது. ‘நிஹோன் ஷோகி’ ஒசாகாவிலுள்ள ஷிதென்னோஜி கோயில் 593-ல் தொடங்கப்பட்டது என்கிறது. அதைக் கட்டிய இளவரசர் ஷோதொக்குவின் மற்றொரு கோயில், இகாருகா என்னும் ஊரின் ஹோர்யூஜி. அங்குள்ள மருத்துவ புத்தர் சிலையின் ஒளிவட்ட எழுத்து 607-ஆம் ஆண்டைத் தருகிறது. ஏட்டின்படி ஷிதென்னோஜி மூத்தது. ஆனால் ஷிதென்னோஜியின் தொடக்ககால எட்டிதழ்த் தாமரையும் இகாருகாவின் பழைய கோயில் தாமரையும் ஒரே அச்சில் பிறந்தவை. இகாருகா ஓட்டில் அச்சு புதிதாக இருக்கிறது, ஷிதென்னோஜி ஓட்டில் கீறல் விழுந்து தேய்ந்திருக்கிறது. அச்சு முதலில் இகாருகாவுக்கு உழைத்து, பிறகு இன்றைய ஒசாகா, கியோத்தோ எல்லையிலுள்ள குசுஹா ஹிரானோயாமா சூளைக்கு எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. யோதொ ஆற்றங்கரைப் பகுதி அது. சுட்ட ஓட்டைப் படகில் ஏற்றினால் ஷிதென்னோஜி பக்கம் இறக்கலாம். இங்கே நகர்ந்தது அச்சு. ஏடு பொய் சொன்னது என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. தொடங்கியதாக அறிவிப்பதும் கூரை வேய்வதும் வேறு வேறு நாட்கள். ஆனால் கூரை வேய்ந்த வரிசை எது என்பதில் எனக்கு ஏட்டைவிட மரத்தின் வெடிப்பே நம்பகமான சாட்சி.

ஹோர்யூஜி வாதத்திலும் தாமரை சாட்சிக் கூண்டு ஏறியது. 670-ல் அந்தக் கோயில் ஒரு கட்டடமும் மிஞ்சாமல் எரிந்தது என்கிறது ‘நிஹோன் ஷோகி’. இன்று நிற்பது ஷோதொக்கு கட்டியதேதான், எரியவில்லை என்று கட்டடக் கலை அறிஞர் செகினோ தாதாஷி 1905-ல் வாதிட்டார். எரிந்தது, திரும்பக் கட்டியதுதான் இது என்று வரலாற்றாசிரியர் கிதா சதாகிச்சி மறுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட சண்டை அது. 1939-ல் இஷிதா மொசாக்கு இன்றைய வளாகத்தின் தென்கிழக்கே தோண்டி, வேறு திசையில் சாய்ந்த வேறொரு கோயிலின் அடித்தளத்தைக் கண்டார். வாகாகுசா வளாகம் என்று அழைக்கப்படும் அங்கே கிடைத்தவை வெற்றிதழ்த் தாமரைகள். இன்றைய வளாகத்தின் பழைய ஓடுகளோ இரட்டை உள்ளிதழ்த் தாமரைகள், கொடி ஓடும் கீழ் ஓடுகளோடு. இரண்டுக்குமிடையே இரண்டு தலைமுறையாவது இருக்கும். 2004-ல் வாகாகுசா பகுதியில் எரிந்த சுவரோவியத் துண்டுகள் கிடைத்தன. திரும்பக் கட்டியது என்பதில் இப்போது பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். சண்டையை ஓடு தனியாக முடித்துவைக்கவில்லை. அடித்தளத்தின் சாய்வோடு சேர்ந்துதான் முடித்துவைத்தது.

ஓடே நகர்ந்த கதையும் உண்டு. தொயுராதேராவின் கூரைக்கான தாமரைகளில் ஒரு பகுதி கியோத்தோவுக்குத் தெற்கே ஊஜியிலுள்ள ஹயாதொஆகாரி சூளையில் சுடப்பட்டது. இடையே சுமார் 50 கிலோமீட்டர். இத்தனை கனமான, இத்தனை எளிதாக உடையும் பொருளை இத்தனை தூரம் ஏன் கொண்டுவர வேண்டும்? அசுகாவில் களிமண்ணுக்கோ விறகுக்கோ பஞ்சமில்லை. அசுகாதேராவுக்கே கோயிலை ஒட்டிய குன்றில் சூளை இருந்தது. சூளை யாருடையது, பட்டறை யாருக்குக் கட்டுப்பட்டது என்பதில்தான் விடை இருக்கவேண்டும். ஓடு வந்த வழி, அதிகாரம் நீண்ட வழி.

639-ல் ஜோமெய் மன்னர் தொடங்கிய குதாரா பெருங்கோயிலின் இடம் நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1997 முதல் நடந்த அகழாய்வில் சாகுராய் நகரின் கிபி குளத்துக் கரையடியில் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரமான கோபுர மேடை வெளிப்பட்டது. ஒன்பது அடுக்குக் கோபுரத்துக்குத்தான் இத்தனை பெரிய மேடை வேண்டும். வியப்பு என்னவென்றால், அவ்வளவு பெரிய கோயிலில் ஓடு மிகக் கொஞ்சமாகவே கிடைத்தது. அதுவே சான்றும் ஆயிற்று. 673-ல் கோயில் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டபோது ஓடுகளைக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்தக் கோயிலின் தாமரை அச்சோ ஷிதென்னோஜியிலும், ஒசாகாவின் தெற்குக் கடலோரத்துக் காய்ஏஜி கோயிலிலும் மறுபடி தலைகாட்டுகிறது. மன்னர் வீட்டு அச்சு உள்ளூர்ப் பிரபுவின் கோயிலுக்கு எப்படிப் போனது? பரிசாக என்று எண்ணத் தோன்றுகிறது. பழைய அச்சைக் கைவிட மனமில்லாத கைவினைஞர் கூடவே எடுத்துப்போனார் என்றாலும் தடயம் இதேபோல்தான் இருக்கும்.

வடிவம் மட்டும் பரவும்போதுதான் வாதம் மிகவும் தளர்ந்துபோகிறது. 624-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் 46 கோயில்கள் என்று ‘நிஹோன் ஷோகி’ சொல்கிறது. பிற்கால வரலாற்று நூலான ‘ஃபுசோ ரியாக்கி’யின்படி 692-ல் 545. எழுபது ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு மடங்கு. தொலைவிலுள்ள பிரபுக்கள் தம் முன்னோருக்குப் பெரிய மண்மேட்டுக் கல்லறை எழுப்புவதை விட்டுக் கோயில் எழுப்பத் தொடங்கிய காலம் இது. அந்தக் கோயில்களில் இரண்டு பாணிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று 641-ல் தொடங்கிய யாமதாதேராவின் பாணி: எட்டு இதழ், ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளிதழ், வரம்பில் அடுக்கு வட்டங்கள். (1982-ல் இந்தக் கோயிலின் கிழக்குத் தாழ்வாரம் சாய்ந்து விழுந்தபடியே, சன்னல் கம்பிகளும் ஓடுகளும் சகிதம் சேற்றுக்குள் கிடைத்தது.) மற்றது 660-களின் கவாராதேரா கோயிலின் பாணி: இரட்டை உள்ளிதழ், வாள்பல் வரம்பு, தாங் சீனத்தின் புது அலை. யாமதாதேரா பாணி கிழக்கே இன்றைய சிபா மாவட்டத்து ரியூகாக்குஜி வரை போகிறது. கவாராதேரா பாணி மினோ, ஓவாரி பகுதிகளில், அதாவது இன்றைய கிஃபு, ஐச்சி மாவட்டங்களில் குவிந்து கிடக்கிறது.

இந்தக் குவியலுக்குப் புகழ்பெற்ற ஒரு விளக்கம் உண்டு. 672-ல் அரியணைக்காக நடந்த ஜின்ஷின் போரில் வென்ற தென்மு மன்னருக்கு மினோ, ஓவாரிப் பிரபுக்கள் துணை நின்றார்கள். அதற்குக் கைமாறாக அரசவைப் பாணி ஓட்டோடு கோயில் கட்டும் உதவி பெற்றார்கள் என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாணி ஒன்றுபடுவது வேறு, அச்சு ஒன்றுபடுவது வேறு. அச்சு ஒன்றானால் யாரோ ஒருவர் அந்த மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார் என்று பொருள். அங்கே உறவு உறுதி. பாணி மட்டும் ஒன்றானால், தலைநகருக்குப் போன ஒருவர் பார்த்துவிட்டு வந்து ‘அதுபோலச் செய்’ என்று சொன்னதாகவும் இருக்கலாம். புள்ளி வைத்த வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறத்தில் குறிக்கப்படும்போது அரசியல் கதைக்கு வேண்டாத வலு கூடிவிடுகிறது. இந்தத் துறையின் பலவீனம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இனி, தாமரை ஏன் என்ற கேள்வி. புத்தரின் ஆசனம், சேற்றில் முளைத்துச் சேறு ஒட்டாத பூ என்ற விடை உடனே வரும், தவறும் இல்லை. ஆனால் சீனாவில் தாமரை பௌத்தத்துக்கு முன்பே கூரையோடு தொடர்புடையது. இரண்டாம் நூற்றாண்டில் யிங் ஷாவோ எழுதிய குறிப்பின்படி, மண்டபங்களின் உள்விதானத்தில் தாமரையும் நீர்க்கொட்டையும் செதுக்கியது அவை நீரில் வாழ்பவை, நெருப்பை அடக்குபவை என்பதால். சீனத் தொல்பொருள்களை ஆய்ந்த ஜப்பானிய அறிஞர் ஹயாஷி மினாவோ இன்னும் பின்னால் போய், பண்டைச் சீனத் தாமரையைக் கதிரவனின் குறியாகப் படித்தார். எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் பெக்ஜேக்கு வந்திருக்கவேண்டும். இருந்தாலும் சூளையடியில் நின்ற ஜப்பானியக் கைவினைஞர் எந்தப் பொருளை மனதில் வைத்து அழுத்தினார் என்று ஓடு சொல்லாது. பூவின் பொருளைவிட ஓட்டின் இருப்பே அன்று அதிகம் உணரப்பட்டது போலும். ஈசே என்னும் ஷிந்தோ சன்னதிக்குப் பணிபுரிந்த அரசகுமாரியின் மாளிகையில் பௌத்தச் சொற்கள் விலக்கப்பட்டிருந்தன. 927-ல் முடிந்த ‘எங்கிஷிகி’ விதிநூலின்படி அங்கே பௌத்தக் கோயிலை ‘ஓடு வேய்ந்தது’ என்றே சொல்லவேண்டியிருந்தது. துறவிக்கு அங்கே ‘நீள்முடி’ என்று பெயர். மொட்டைத் தலைக்கு நல்ல குறும்பு.

694-ல் குடியேறிய ஃபுஜிவாரா அரண்மனையோடு நிலைமை மாறியது. அரசர் மாளிகை முதன்முறையாக ஓடு வேய்ந்தது. விளிம்பில் அதே தாமரை, இரட்டை உள்ளிதழோடு. தேவை பெருகவே அருகிலிருந்த ஹிதாகாயாமா சூளை போதாமல், கடல் தாண்டி ஷிகொக்குத் தீவின் முனேயோஷி சூளைவரை வேலை பிரிந்தது. 24 சூளைகள் கொண்ட தொழிற்சாலை அது. பிறகு புதிய தலைநகர் நாரா. பிறகு 724-ல் வடகிழக்கு எல்லையில், எமிஷி மக்களை அடக்க எழுப்பிய தாகா கோட்டை. அதன் அலுவலகக் கூரையிலும் தடித்த எட்டிதழ்த் தாமரை. படைவீரரும் வரி எழுத்தரும் அதன் அடியில் நடமாடினார்கள். இங்கே தாமரையைப் பக்தியின் அடையாளமாகப் படிப்பது வலிந்து சொல்வதாகும். அரசு என்றால் ஓடு, ஓடு என்றால் தாமரை, அவ்வளவே.

741-ல் ஷோமு மன்னர் மாகாணம்தோறும் கோயில் கட்ட ஆணையிட்டதும் வேலை பன்மடங்கானது. இன்றைய தோக்கியோவை உள்ளடக்கிய முசாஷி மாகாணக் கோயிலின் ஓடுகளில் மாவட்டப் பெயர்கள் முத்திரையாகவும் கீறலாகவும் இருக்கின்றன. எந்த மாவட்டம் எத்தனை ஓடு தரவேண்டும் என்ற பங்கீட்டின் தடம் அது. 21 மாவட்டங்களில் ஒன்றின் பெயர் மட்டும் இல்லை. கொரியாவின் சில்லாவிலிருந்து வந்தவர்களுக்காக 758-ல் அமைந்த மாவட்டம் அது. ஆக, கோயிலின் பெரும்பகுதி அதற்கு முன்பே ஓடு வேய்ந்துவிட்டது. தாமரை இதழை எண்ணியிருந்தால் இத்தனை துல்லியமான காலம் கிடைத்திருக்காது.

இந்தக் குவியலைச் சமாளிக்க நாரா பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனம் எண் முறை ஒன்றை வகுத்தது. தாமரை வட்டங்களுக்கு 6000-த்தில் தொடங்கும் எண். விளிம்புக் கீழ் ஓடுகளுக்கு 6500-க்கு மேல். ஜோடியாகச் செய்தவற்றை ஜோடியாகவே எழுதுவார்கள். 6235-6732 என்றால் நாராவின் தோதாய்ஜி கோயில் பாணி என்று துறையினருக்குப் புரியும். வறட்டு எண்கள்தான். ஆனால் ‘அழகிய தாமரை ஓடு’ என்று அருங்காட்சியக அட்டையில் எழுதிவைத்த காலத்தைவிட இந்த எண்களால்தான் கோயில்களுக்கிடையிலான கணக்கு வழக்கு வெளியே வந்தது. பழைய ஓடு எல்லாம் மண்ணுக்குள் போய்விடவும் இல்லை. அசுகாதேரா 718-ல் நாராவுக்கு மாறி கங்கோஜி ஆனது. அங்கே இன்றும் கூரையின் ஒரு பகுதியில் அசுகா காலத்து ஓடுகள் மழை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாமரை பின்வாங்கத் தொடங்கியது. பிரபுக்கள் சைப்ரஸ் மரப்பட்டைக் கூரையை விரும்பினார்கள். மிஞ்சிய ஓடுகளில், வால் நீண்ட துளிகள் சுழல்வதுபோன்ற தோமொயே உருவம் இடம்பிடித்தது. அதை நீர்ச்சுழி என்றும், தீயிலிருந்து காக்கும் என்றும் சொல்வார்கள். முன்பு தாமரைக்குச் சொன்ன அதே காரணம். 1180-ல் தோதாய்ஜி எரிந்தது. சோகேன் என்ற துறவி பொருள் திரட்டித் திரும்பக் கட்டியபோது ஓட்டின் ஒரு பகுதியை மேற்கே பிசேன் மாகாணத்தின் மான்தொமி சூளையில் சுடவைத்தார். அந்த வட்டத் தட்டுகளில் இதழ் இல்லை. நடுவே ஒரு சமஸ்கிருத எழுத்து. சுற்றிலும் ‘தோதாய்ஜி பெரும் புத்தர் மண்டபம்’ என்று சீன எழுத்துகளில் விலாசம்.